ஸ்குவாட் செய்தால் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு இரைக்கிறது: இதுவே இதயத்துக்குப் போதுமான பயிற்சியா?

கேள்வியின் சுருக்கம் இதுதான். கேட்டவருக்கு 47 வயது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் பகுதியில் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு வேலை. வாரத்தில் மூன்று நாள் ஜிம்முக்குப் போய் எடை தூக்குகிறார். நடப்பதும் ஓடுவதும் பிடிக்காது. ஸ்குவாட் ஒரு செட் முடிந்ததும் கைக்கடிகாரம் 150-க்கு மேல் காட்டுகிறது, மூச்சும் வாங்குகிறது. ஆகவே இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இதிலேயே வேலை கிடைத்துவிடுகிறது, தனியாக எதற்கு நடக்க வேண்டும் என்கிறார். இன்னொரு பக்கம், கிளினிக்கில் இரத்த அழுத்தம் 148/92 என்று வந்திருக்கிறது. கொதிப்பு உள்ளவன் இரும்பைத் தொடக்கூடாது என்று அவருடைய மாமா தடை போடுகிறார்.

மாமாவின் சொல்லுக்காக எடையை மூலையில் போட்டுவிடாதீர்கள். கடிகாரத்தின் சொல்லுக்காக நடையைக் கைவிடவும் கூடாது.

இதய நோயிலிருந்து மீண்டவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பது என் தொழில். ஜார்ஜ்டவுனில் என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் நாடித்துடிப்பைத்தான் முதலில் பேசுவார்கள். எண் ஏறினால் இதயம் உழைக்கிறது, உழைத்தால் பலப்படும் என்ற கணக்கு. திகில் படம் பார்த்தாலும் நாடி ஏறத்தான் செய்யும். அதனால் யாருடைய இதயமும் பலப்பட்டதில்லை.

துடிப்பின் எண்ணிக்கையைவிட, ஒரு நிமிடத்தில் இதயம் எவ்வளவு இரத்தத்தை அனுப்புகிறது, எந்த அழுத்தத்துக்கு எதிராக அனுப்புகிறது என்ற இரண்டும்தான் முக்கியம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் போகிறது. நல்ல உடல்நிலையில் உள்ளவர் வேகமாக ஓடும்போது அது 20 லிட்டரைத் தொடும், தாண்டவும் செய்யும். துடிப்பு கூடுவதோடு ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவும் கூடுவதால்தான் இது முடிகிறது. ஓடும் காலின் தசைகள் மாறி மாறிச் சுருங்கியும் தளர்ந்தும் சிரைகளிலுள்ள இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தசைக்குப் போகும் தமனிகளும் அகலத் திறந்திருக்கின்றன. நிறைய வருகிறது, நிறையப் போகிறது.

ஸ்குவாட்டில் நடப்பது வேறு. தோளில் பார்பெல்லோடு இறங்கி எழும் அந்தச் சில நொடிகளில் தொடைத் தசை இறுகுகிறது. தன் முழுப் பலத்தில் பாதியளவு இறுகினாலே போதும், தசை தனக்குள் ஓடும் இரத்தக் குழாய்களைத் தானே நெரிக்கத் தொடங்கிவிடும். நீங்கள் மூச்சையும் அடக்கியிருந்தால் மார்புக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பிவரும் பெருஞ்சிரை நெருக்கப்படுகிறது. வரவு குறைவதால் ஒவ்வொரு துடிப்பின் செலவும் குறைகிறது. மூளையும் நரம்புகளும் முடுக்கிவிடுவதால் துடிப்பின் எண்ணிக்கை மட்டும் மேலே ஓடுகிறது.

ஆகவே ஸ்குவாட்டில் வரும் 150-ம், தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை நிற்காமல் ஏறும்போது வரும் 150-ம் ஒன்றல்ல. படியேறும்போது உடல் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் துடிப்போடு சேர்ந்தே உயர்கிறது. எடை தூக்கும்போது துடிப்பு ஓடும் அளவுக்கு ஆக்சிஜன் பயன்பாடு உயர்வதில்லை. செட்டுகளுக்கிடையே ஓய்வைக் குறைத்துச் சுற்றுப் பயிற்சியாகச் செய்தால்கூட, ஒருவருடைய உச்ச ஆக்சிஜன் அளவில் பாதியை ஒட்டித்தான் பெரும்பாலும் நிற்கும். போதாக்குறைக்கு, கம்பியை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டில் இரத்த ஓட்டமும் தசைநாண்களும் மாறுவதால் கைக்கடிகாரத்தின் ஒளி உணரி தடுமாறும். எடை தூக்கும் நேரத்தில் அது காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை.

பினாங்குப் பாலத்தில் எல்லாத் தடங்களும் திறந்திருக்கும்போது வண்டிகள் நான்கு மடங்கு வருவது ஒரு வகைச் சோதனை. பாதித் தடங்களை மூடிவிட்டு, வழக்கமான வண்டிகளைவிடக் கொஞ்சம் கூடுதலாக அனுப்புவது இன்னொரு வகை. ஓட்டம் முதல் வகை, எடைப் பயிற்சி இரண்டாவது வகை. முதலாவது இதயத்திடம் அளவைக் கேட்கிறது, இரண்டாவது அழுத்தத்தைத் தாங்கச் சொல்கிறது.

அந்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால் பலர் நம்ப மாட்டார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மக்டூகலும் அவருடைய குழுவினரும் அனுபவமுள்ள ஐந்து உடற்கட்டுப் பயிற்சியாளர்களின் கைத்தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, எடை தூக்கும்போதே அழுத்தத்தை அளந்தார்கள். 1985-இல் வெளிவந்த ஆய்வு அது. இரண்டு காலாலும் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் செய்தபோது உச்ச அழுத்தத்தின் சராசரி 320/250. ஒருவருக்கு 480/350-ஐயும் தாண்டியது. கிளினிக்கில் 180 வந்தாலே நர்ஸ் திரும்ப அளப்பார். இங்கே ஆரோக்கியமானவர்களுக்குச் சராசரியே அதைப்போல ஒன்றே முக்கால் மடங்கு, ஒருவருக்கு இரண்டரை மடங்குக்கும் மேல். கையில் பட்டை கட்டி அளக்கும் சாதாரணக் கருவி இதைப் பிடிக்காது. பட்டை காற்றை இறக்கி முடிப்பதற்குள் செட் முடிந்து அழுத்தமும் சரிந்திருக்கும்.

அழுத்தம் இப்படி எகிறுவதற்கு மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உட்காருகின்றன. தசை குழாய்களை நெரிப்பதை மேலே சொன்னேன். அடுத்தது மூச்சை அடக்கி முக்குவது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18-இன் தொடக்கத்திலும் வாழ்ந்த இத்தாலிய உடற்கூற்று அறிஞர் வால்சால்வாவின் பெயரில் மருத்துவம் இதை அழைக்கிறது. குரல்வளையை மூடிக்கொண்டு வெளிமூச்சு விட முயலும்போது மார்பின் அழுத்தம் நேராகத் தமனிகளுக்குக் கடத்தப்படுகிறது. மூன்றாவது, தசையிலிருந்தே கிளம்பும் நரம்புச் செய்தி. 1937-இல் கெய்ரோவில் ஆலம், ஸ்மர்க் என்ற இருவர், உழைத்த தசைக்கு இரத்தம் போகாமல் பட்டையால் இறுக்கிப் பார்த்தார்கள். வேலையை நிறுத்திய பிறகும் அழுத்தம் இறங்கவில்லை. பட்டையைத் தளர்த்திய பின்னரே இறங்கியது. தேங்கிய கழிவுகளை உணர்ந்து தசை மூளைக்கு முறையிடுகிறது, மூளை அழுத்தத்தைக் கூட்டி இரத்தத்தைத் தள்ளப் பார்க்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. செட்டின் கடைசி இரண்டு முறைகள் ஏன் அவ்வளவு கொடுமையாக இருக்கின்றன என்பதற்கும் பதில் இதில் இருக்கிறது.

480 வந்தும் அந்த மனிதரின் இதயமோ மூளைக் குழாயோ ஏன் வெடிக்கவில்லை? எடைப் பயிற்சியைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. குழாயின் சுவரைச் சோதிப்பது உள்ளே இருக்கும் அழுத்தம் மட்டுமல்ல. உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் சுவரின் மேல் விழும் சுமை. மூச்சடக்கி முக்கும்போது மார்புக் கூட்டுக்குள் அழுத்தம் கூடுகிறதல்லவா, அது இதயத்தை வெளியிலிருந்து தாங்குகிறது. அதே அழுத்தம் முதுகுத்தண்டு வழியாக மூளையைச் சூழ்ந்த திரவத்துக்கும் கடத்தப்பட்டு, மூளைக் குழாய்களையும் வெளியிலிருந்து அணைத்துப் பிடிக்கிறது. அதனால் ஆரோக்கியமானவருக்குக் கனமான ஓரிரு முறைத் தூக்கலில் ஒரு கணம் மூச்சை அடக்குவது இயல்பான தற்காப்பு. டோக்கியோ பாராலிம்பிக்கில் 228 கிலோ பெஞ்ச் பிரஸ் செய்து தங்கம் வென்ற சரவாக்கின் போனி புன்யாவ் குஸ்டினிடம் போய், மூச்சை விட்டுக்கொண்டே தூக்குங்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

சிக்கல் வருவது பிடியை விடும் நேரத்தில். மார்பின் அழுத்தம் சட்டென்று இறங்குகிறது, நெரிபட்டிருந்த தசைக் குழாய்கள் ஒரே நேரத்தில் திறந்துகொள்கின்றன, இதயத்துக்குப் போதிய இரத்தம் இன்னும் வந்து சேரவில்லை. சில நொடிகளுக்கு அழுத்தம் கீழே விழுகிறது. தரையிலிருந்து கம்பியைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் முடித்த கையோடு கண் இருட்டுவது, எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொள்வது எல்லாம் இதனால்தான். நம் ஊரின் புழுக்கத்தில், குளிர்சாதனம் இல்லாத கடைவீட்டு மாடி ஜிம்மில், வியர்த்து உடலில் நீர் குறைந்திருந்தால் இன்னும் மோசம். அம்லோடிபின் போலக் குழாய்களை விரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், இரவு ஷிப்டு முடித்துச் சரியாகச் சாப்பிடாமல் வந்தவர்களும் கனமான செட் முடிந்ததும் உட்காராமல் இரண்டு நிமிடம் மெல்ல நடக்க வேண்டும். காலின் தசை ஆடினால் இரத்தம் மேலே வரும்.

இனி நுரையீரல். இதைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது, ஏனென்றால் எடை தூக்குவது ஆரோக்கியமான நுரையீரலுக்குப் பெரிய சோதனையே அல்ல. செட் முடிந்து நீங்கள் இரைக்கும்போது விரலில் ஆக்சிஜன் மானி மாட்டிப் பாருங்கள், 97, 98 என்று சாதாரணமாகவே காட்டும். ஆக்சிஜன் குறைந்ததால் மூச்சு வாங்கவில்லை. குழாய்கள் நெரிபட்டிருந்த நேரத்தில் தசை ஆக்சிஜன் இல்லாமலேயே சர்க்கரையை எரித்து வேலை செய்தது. அதில் சேர்ந்த அமிலத்தை இரத்தத்திலுள்ள பைகார்பனேட் ஈடுகட்டும்போது கரியமில வாயு உண்டாகிறது. அதை வெளியேற்றத்தான் அந்த இரைப்பு. உங்களுக்கு மூச்சு உச்சத்துக்குப் போவது தூக்கும்போதா, கீழே வைத்த பிறகா என்று அடுத்த முறை கவனியுங்கள். கீழே வைத்த பிறகுதான்.

எந்தப் பயிற்சி செய்தாலும் பெரியவர்களுக்கு நுரையீரலின் கொள்ளளவு குறிப்பிடும்படி கூடுவதில்லை. வலுப்பெறுவது சுவாசத் தசைகள். அதில் எடைப் பயிற்சிக்கும் பங்கு உண்டு. ஸ்குவாட்டிலும் டெட்லிஃப்டிலும் உதரவிதானம் மூச்சுக்கு மட்டுமின்றி முதுகுத்தண்டைத் தாங்கும் தூணாகவும் வேலை செய்கிறது. இரண்டு பொறுப்புகளை ஒரே நேரத்தில் சுமப்பதால்தான் வயிற்றை இறுக்கிக்கொண்டு மூச்சும் விடுவது புதியவர்களுக்கு அவ்வளவு கடினமாக இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, நீண்ட ஓட்டத்தைவிட இடைவெளி விட்டுச் செய்யும் எடைப் பயிற்சி பெரும்பாலும் எளிதாக ஒத்துப்போகும். புகைமூட்டம் சூழ்ந்த நாட்களில் எல்லோருக்குமே வெளியே ஓடுவதைவிட உள்ளே தூக்குவது மேல்.

உங்கள் 148/92-க்கு வருகிறேன். மலேசிய மருத்துவ வழிகாட்டி 140/90-ஐ இரத்த அழுத்த நோயின் எல்லையாக வைத்திருக்கிறது. அதை நீங்கள் தாண்டியிருக்கிறீர்கள், ஆனால் எடைப் பயிற்சிக்குத் தடை விழும் எல்லை அதுவல்ல. ஓய்வில் 180/110-க்கு மேல் இருந்து கட்டுப்பாட்டுக்கு வராதவர்கள்தான் முதலில் மருந்தால் இறக்கிவிட்டு வர வேண்டும். மற்றவர்களுக்கு இந்தப் பயிற்சியே மருந்தின் ஒரு பகுதி. 2023-இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் 270 சோதனைகளை ஒன்றுசேர்த்து ஒரு பகுப்பாய்வு வெளியானது. எடைப் பயிற்சி ஓய்வு நேர மேலழுத்தத்தைச் சராசரியாக 4.5 புள்ளி அளவுக்குக் குறைக்கிறது. நடை, ஓட்டம் போன்றவையும் ஏறக்குறைய அதே 4.5, இரண்டையும் சேர்த்துச் செய்தால் 6. எல்லாவற்றையும் முந்தியது, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி போல் உட்காருவது போன்ற அசையாப் பயிற்சிகள்: 8 புள்ளிக்கு மேல். செய்யும்போது அழுத்தத்தை ஏற்றும் பயிற்சி, செய்யாத நேரத்தில் இறக்குகிறது. மாமாவுக்கு இதை விளக்குவது கடினம் என்று எனக்குத் தெரியும். வீட்டில் அளந்து காட்டினால் நம்புவார்.

ஆனால் எப்படித் தூக்குகிறீர்கள் என்பதில் விஷயம் இருக்கிறது. ஜிம்மில் எல்லோரும் பயப்படுவது கம்பியில் மாட்டியிருக்கும் கிலோவைப் பார்த்து. அழுத்தத்தை உச்சிக்குக் கொண்டுபோவதோ, இனி முடியாது என்ற எல்லைவரை இழுத்துப் போகும் நீண்ட செட்தான். நடுத்தர எடையைப் பன்னிரண்டு முறை, உடல் நடுங்க, கடைசி மூன்றையும் தம் கட்டித் தூக்கினால், ஒரே ஒரு முறை தூக்கும் பெரிய எடையைவிட அழுத்தம் அதிகமாகப் போகலாம். ஒவ்வொரு முறையும் ஒரு படி ஏறி, இறங்குவதற்குள் அடுத்தது வந்து ஏற்றுகிறது. இன்னும் இரண்டு மூன்று முறை தூக்க முடியும் என்ற நிலையிலேயே செட்டை முடியுங்கள். எழும்போது மூச்சை விடுங்கள், இறங்கும்போது இழுங்கள். செட்டுகளுக்கிடையே இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வைக் குறைத்தால் முந்தைய செட்டின் அழுத்தம் முழுதாக வடியாமல் அடுத்ததற்குள் போய்விடும். கம்பியைத் தேவைக்கு மேல் நெரித்துப் பிடிக்காதீர்கள், சின்னப் பிடிகூட அழுத்தத்தை ஏற்றும்.

எடை தூக்கினால் இதயச் சுவர் தடித்துவிடும் என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். 1975-இல் அமெரிக்காவில் மோர்கன்ராத் குழுவினர், ஓட்டக்காரர்களின் இடது கீழறை விரிகிறது, மல்யுத்தக்காரர்களின் சுவர் தடிக்கிறது என்று எழுதியதிலிருந்து அது பரவியது. பிறகு வந்த ஆய்வுகளில் எடை தூக்குகிறவர்கள் பலரின் இதயச் சுவர் சாதாரண அளவிலேயே இருந்தது. நாளெல்லாம் இருக்கும் இரத்த அழுத்த நோயையும், வாரத்தில் சில நிமிடங்கள் வந்துபோகும் அழுத்தத்தையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. இதயத்தை உண்மையில் தடிக்கவைத்துப் பலவீனமாக்குவது தசைக்காகப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு. யாராவது ஜிம்மில் ரகசியமாக ஊசியோ மாத்திரையோ நீட்டினால் அந்த ஜிம்மையே மாற்றுங்கள்.

அப்படியானால் நடை எதற்கு? எடைப் பயிற்சி தராத ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு துடிப்பிலும் நிறைய இரத்தத்தை வாங்கி அனுப்பும் திறன். அதற்கு இதயம் பல நிமிடங்கள் தொடர்ந்து நிரம்பி வழிய வேண்டும். பத்து நொடி, இருபது நொடி செட்டுகளில் அது நடக்காது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் புதுப்பித்த பரிந்துரை பெரியவர்களுக்கு இரண்டையும் கேட்கிறது: வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. உங்களுக்கு இரண்டாவது பாதி ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஓடப் பிடிக்காவிட்டால் ஓட வேண்டாம். தாவரவியல் பூங்காவில் குரங்குகளுக்கு வழிவிட்டு வேகமாக நடக்கலாம், ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுச் சாலையில் ஏறலாம், தண்ணீர்மலைக்கு வாரம் இரண்டு மாலை போய்வரலாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற வேகம் போதும். துடிப்பைக் குறைக்கும் பைசோபிரோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குக் கடிகாரத்தைவிட இந்தப் பேச்சுச் சோதனைதான் நம்பகமானது.

தைப்பூசத்தில் பெரிய காவடியோடு மலையேறும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் தொழில்புத்தி விழித்துக்கொள்ளும். தோளில் நிலையான சுமை, காலில் ஏற்றம், வெயில், நோன்பிருந்த உடல். அளவுச் சோதனையும் அழுத்தச் சோதனையும் ஒரே நேரத்தில் வருகிற அரிய இடம் அது. ஜிம்மில் மட்டும் தயாரானவர்கள் பாதிப் படியில் திணறுவதையும், நடக்க மட்டும் பழகியவர்களுக்குத் தோள் முதலில் கைவிடுவதையும் கண்டிருக்கிறேன். காவடி எடுக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் இரண்டுக்கும் மாதக்கணக்கில் தயாராக வேண்டும்.

எடை தூக்கும் முன் கட்டாயம் டாக்டரைக் கேட்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். நெஞ்சுவலி அண்மையில் அடிக்கடி வருபவர்கள், பெருந்தமனி வால்வு சுருங்கியவர்கள், பெருந்தமனி வீங்கியிருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், மார்ஃபான் நோய்க்குறி (இணைப்புத் திசுவைப் பலவீனமாக்கும் பரம்பரை நோய்) உள்ளவர்கள், துடிப்பு ஒழுங்கு கட்டுப்படாதவர்கள். நம்மவர்கள் அதிகம் மறந்துவிடும் இன்னொன்று கண். மலேசியாவில் இனிப்புநீர் இந்தியர்களிடையேதான் அதிகம். அதனால் விழித்திரையில் புதிய குழாய்கள் முளைத்திருந்தால், தம் கட்டித் தூக்கும் ஒரு செட்டிலேயே அவை கசிந்து பார்வையைக் கெடுக்கலாம். உங்களுக்குச் சர்க்கரையும் இருந்தால் இந்த ஆண்டுக்கான விழித்திரைப் பரிசோதனையை முடித்துவிட்டு எடையைக் கூட்டுங்கள். மற்றபடி, நெஞ்சடைப்பு வந்து மீண்டவர்களுக்கே நாங்கள் லேசான எடையில் தொடங்கி டம்பெல் கொடுக்கிறோம். எடை தூக்கும்போது கீழழுத்தமும் உயர்வதால் இதயத்தின் சொந்தத் தமனிகளுக்குள் இரத்தம் தள்ளப்படுவது மேம்படுகிறது. அவர்களில் பலருக்கு நடைப்பட்டையில் (டிரெட்மில்) வரும் நெஞ்சுவலி எடையில் வருவதில்லை.

இப்போதைக்கு ஒரு வாரம், காலை எழுந்ததும் இரண்டு முறை, இரவு படுக்கும் முன் இரண்டு முறை, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு வீட்டிலேயே அழுத்தத்தை அளந்து எழுதுங்கள். ஷிப்டு மாறினால் நேரம் மாறட்டும், பரவாயில்லை. ஜிம்மிலிருந்து வந்த சில மணி நேரத்துக்கு எண் வழக்கத்தைவிடக் குறைவாக வரும், அதைச் சராசரியில் சேர்க்க வேண்டாம். முதல் நாள் எண்களையும் விட்டுவிட்டு மற்றதன் சராசரியை எடுங்கள். வீட்டு அளவில் 135/85-க்கு மேல் நின்றால் அந்தத் தாளோடு டாக்டரிடம் போய், எடை தூக்குகிறேன் என்பதையும் சொல்லி மருந்தைப் பேசுங்கள். தூக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ ஏறும் வலி, வழக்கமில்லாத திடீர்த் தலைவலி என்று எது வந்தாலும் செட்டை அங்கேயே விட்டுவிட்டு 999-ஐ அழையுங்கள். உங்கள் காரை நீங்களே ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகாதீர்கள்.